ஆஸ்திரேலியாவில் முதல் ஆண்டு: குறைந்த காசோடு போய்க் காலூன்றுவது

ஓராண்டு தங்கி ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம் என்று இளைஞர்களுக்கென்றே ஒரு விசாவை ஆஸ்திரேலியா அரை நூற்றாண்டாகத் தந்து வருகிறது. 1975இல் பிரிட்டன், கனடா முதலிய சில நாட்டினருக்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே எல்லோரும் பேக்பேக்கர் விசா என்றே சொல்வார்கள். இதில் 417, 462 என்று இரண்டு வகை உண்டு. இந்தியர்களுக்குத் திறந்திருப்பது 462. 2022 ஏப்ரலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில் இதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேருக்குத்தான் இடம். முதல் இரண்டு வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள்.

தகுதிகள் கடினமானவை அல்ல. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம் (ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 போதும்), கூட வரும் பிள்ளைகள் இல்லாமை, கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர். குலுக்கலில் பெயர் கொடுக்க 25 டாலர். பெயர் விழுந்தால் விசாக் கட்டணம் தனி, 2025 ஜூலையிலிருந்து அது 670 டாலர். இந்த 5,000 டாலர், அதாவது ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய், விசா அதிகாரிக்குக் காட்டுவதற்கான தொகை என்றே பலர் நினைக்கிறார்கள். கடன் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. போய் இறங்கிய பிறகு நேரும் துன்பங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. கையில் காசு இருக்கும் வரைக்கும்தான் மோசமான அறையையும், சட்டப்படி சம்பளம் தராத வேலையையும் "வேண்டாம்" என்று மறுக்க முடியும். காசு தீர்ந்த மறுநாள், முதலில் கிடைத்த முதலாளி சொன்னதுதான் சம்பளம், முதலில் கிடைத்த கட்டில்தான் வீடு.

விமான நிலையத்திலேயே முதல் செலவு காத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் தாவர, விலங்கு நோய்த் தடுப்புச் சட்டம் உலகிலேயே கடுமையானவற்றுள் ஒன்று. இந்தியாவில் கோமாரி நோய் இருப்பதால் பால் சேர்த்த இனிப்புகளை உள்ளே விடுவதில்லை. வீட்டில் கட்டிக் கொடுத்த பால்கோவா விமான நிலையக் குப்பைத் தொட்டியோடு நின்றுவிடும். கறிவேப்பிலை, விதைகள், முளைக்கக்கூடிய தானியம் எல்லாம் சிக்கல்தான். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மசாலாத் தூள் பெரும்பாலும் தப்பிவிடும். எதைக் கொண்டுபோனாலும் விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று குறித்துவிட வேண்டும். அறிவித்துவிட்டால் மிஞ்சிப்போனால் பொருள்தான் போகும். மறைத்துச் சிக்கினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். விசாவே ரத்தாகவும் கூடும்.

முதல் வாரத்தில் மூன்று காரியங்கள் முடிந்தாக வேண்டும்: சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வரிக் கோப்பு எண். நகரத்துக்குள் மட்டும் இருப்பவருக்கு எந்த நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம்மும் போதும். பண்ணைப் பக்கம் போக நினைப்பவர் டெல்ஸ்ட்ரா வலையமைப்பில் இயங்குவதாகப் பார்த்து வாங்குவது நல்லது, ஏனென்றால் ஊர்ப்புறங்களில் அதற்குத்தான் சிக்னல் அதிகம். வங்கிக் கணக்கைச் சில வங்கிகளில் ஊரிலிருந்தே இணையத்தில் தொடங்கிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டி உறுதிசெய்யலாம். டி.எஃப்.என். என்று சொல்லப்படும் வரிக் கோப்பு எண்ணை வரித்துறை இலவசமாகத் தருகிறது. நாட்டுக்குள் வந்த பிறகு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், 28 நாளுக்குள் தபாலில் வரும். இதற்கென்று கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. இந்த எண்ணைக் கொடுக்காதவருக்குச் சம்பளத்தில் 45 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். கொடுத்தவருக்கு, முதலாளியும் வரித்துறையில் இந்த விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராகப் பதிவு செய்திருந்தால், 45,000 டாலர் வரை 15 விழுக்காடு.

சில முதலாளிகள் டி.எஃப்.என். வேண்டாம், ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா என்பார்கள். அது தொழில் நடத்துபவருக்கான எண். அந்த எண்ணோடு வேலை செய்பவர் கணக்கில் தொழிலாளியே அல்ல, தனி ஒப்பந்தக்காரர். குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வுக்கால நிதி, விபத்துக் காப்பீடு எல்லாம் அப்போது முதலாளியின் பொறுப்பிலிருந்து நழுவிவிடும். உணவு கொண்டுசேர்க்கும் செயலிகளில் ஓடுபவர்களுக்கு இந்த எண் தேவைப்படலாம். ஹோட்டலில் தட்டுக் கழுவுபவருக்கும் பண்ணையில் பழம் பறிப்பவருக்கும் இதைக் கேட்கிற முதலாளியைச் சந்தேகப்படுவதே சரி.

படுக்கை கிடைப்பது எளிது, வீடு கிடைப்பது கடினம். முதல் சில இரவுகளுக்கு ஹாஸ்டல்தான் எல்லோருக்கும் புகலிடம். நான்கு, ஆறு, எட்டு, பத்துப் பேர் படுக்கும் அறைகளில் அடுக்குக் கட்டில்கள். பூட்டு நாமே கொண்டுபோக வேண்டும். சிட்னியிலும் மெல்பர்னிலும் ஒரு கட்டிலுக்கு வாரம் 300 டாலரைத் தொடுகிற ஹாஸ்டல்கள் உண்டு. கோடை விடுமுறையில், அதாவது டிசம்பர், ஜனவரியில், இன்னும் ஏறும். சில ஹாஸ்டல்கள் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் படுக்கை விரிப்பு மாற்றவும் கழிவறை கழுவவும் சொல்லிக் கட்டிலை இலவசமாகக் கொடுக்கும். கையிருப்பைக் காக்க அது ஒரு வழிதான், ஆனால் மணிக்கணக்கைப் பணமாக்கிப் பார்க்க வேண்டும். வாரம் 20 மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு ஒரு கட்டில் மட்டும் தருவது நியாயமான பேரம் அல்ல.

ஹாஸ்டல் சமையலறையை நன்றாகப் பார்த்தால் சிக்கனத்தின் பாடம் முழுவதும் அங்கே கிடைக்கும். குளிர்பெட்டியில் ஒவ்வொரு பையிலும் பெயரும் அறை எண்ணும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய பையை ஊழியர்கள் எடுத்து எறிந்துவிடுவார்கள், அல்லது இலவசத் தட்டுக்கு மாற்றுவார்கள். அந்தத் தட்டில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்சென்ற அரை மூட்டை அரிசி, பாதி எண்ணெய்ப் புட்டி, பாஸ்தா, உப்பு, சர்க்கரை எல்லாம் சேரும். புதிதாக வந்தவர் கடைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது வழக்கம், இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. இரவு ஏழு மணிக்கு நான்கு அடுப்புக்கு இருபது பேர் நிற்பார்கள். ஐந்தரைக்கே சமைத்து முடிப்பவருக்குச் சண்டையில்லை. சாம்பார்ப்பொடியோடு போகிற தமிழ்ப் பிள்ளைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் நண்பர்கள் சேரவும் அதிக நாள் ஆகாது.

ஒரு மாதத்துக்கு மேல் ஒரே ஊரில் இருக்கப் போகிறவர் ஹாஸ்டலை விட்டுப் பகிர்வீட்டுக்கு மாறிவிடுவது லாபம். இங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். வாரம் 250 டாலர் என்றால் மாதம் 1,000 என்று கணக்குப் போடக் கூடாது. ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் அது மாதத்துக்கு 1,080ஐத் தாண்டும். அட்வான்ஸை இங்கே பாண்ட் என்பார்கள். வழக்கமாக அது நான்கு வார வாடகை. நம் ஊர்போல வீட்டுக்காரர் பையில் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் அதை வாங்கிப் பாதுகாத்து வைக்க அரசு அமைப்பு இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் ஆர்.டி.ஏ., விக்டோரியாவில் ஆர்.டி.பி.ஏ. ஆனால் பயணிகளில் பலர் வீட்டுக்காரரிடம் நேரடியாக வாடகைக்கு எடுப்பதில்லை. வீட்டை எடுத்த ஒருவர் அறைகளை உள்வாடகைக்கு விடுகிறார், அவரிடம்தான் காசு போகிறது. நியூ சவுத் வேல்ஸில் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத உள்வாடகைக்காரருக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. ஒரு பக்கத் தாளானாலும் பெயர், முகவரி, வாரத் தொகை, கொடுத்த பாண்ட், கிளம்ப எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காசை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். அறையை நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. வெளியூரில் இருப்பதாகச் சொல்லி, அழகான படம் காட்டி, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று பாண்ட் கேட்கும் மோசடி ஆண்டு முழுவதும் நடக்கிறது.

அறை பார்க்கப் போகும்போது சுவரின் நிறத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது புகை எச்சரிக்கைக் கருவியையும் வெளியேறும் வழியையும். குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற சிற்றூரில் பழம் பறிக்க வந்த இளைஞர்கள் தங்கியிருந்த பேலஸ் பேக்பேக்கர்ஸ் ஹாஸ்டலில் 2000 ஜூன் 23ஆம் தேதி அதிகாலை ஒருவன் தீ வைத்தான். 15 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை மணி இயங்கவில்லை. ஓர் அறையில் சன்னலுக்குக் கம்பி, கதவை மறித்து அடுக்குக் கட்டில். அதற்குப் பிறகு தங்கும் விடுதிகளின் தீப் பாதுகாப்புச் சட்டம் மாறியது. ஆனால் மூன்று அறை வீட்டில் பதினைந்து பேரை அடைத்து, வரவேற்பறையில் திரை கட்டி அறை என்று விற்பவர்கள் இன்றும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். விலை குறைவு என்பதற்காக அங்கே தங்குவது சிக்கனம் அல்ல, ஆபத்து.

சாப்பாட்டுச் செலவை அடக்குவது தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அவ்வளவு பாரமில்லை. அரிசி, பருப்பு, முட்டை, தயிர், உருளைக்கிழங்கு, பருவத்துக் காய் என்று சமைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 70, 80 டாலரில் வயிறு நிறையும். வெளியே ஒரு வேளைச் சாப்பாடே 20 டாலருக்கு மேல். கோல்ஸ், வுல்வொர்த்ஸ், ஆல்டி என்ற மூன்று பெரிய கடைகளில் ஆல்டி பொதுவாக மலிவு. மற்ற கடைகளில் மாலைக்கு மேல் காலாவதி நெருங்கிய ரொட்டியிலும் இறைச்சியிலும் விலை குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூன்காபி பக்கம் ஈழத்தமிழரும் தமிழ்நாட்டவரும் நடத்தும் மளிகைக் கடைகளில் இட்லி அரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும். அதே பக்கத்தில் மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் இருக்கும் வெங்கடேசுவரர் கோயிலின் உணவகத்தில் வாரக் கடைசியில் மசாலா தோசைக்கு வரிசை நிற்கும். வேலை தேடுகிறவருக்கும் அறை தேடுகிறவருக்கும் இந்த இடங்களில் கிடைக்கும் தகவல் இணையத்தில் கிடைப்பதைவிட நம்பகமானது. சொல்பவரின் முகம் தெரியும், மறுபடியும் அடுத்த வாரம் பார்க்க முடியும்.

பேருந்து, ரயில் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வேலை எங்கே தேடுவது என்று முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் எடுக்கலாம். குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் பிரிஸ்பேன் வட்டாரத்திலும் மற்ற டிரான்ஸ்லிங்க் பகுதிகளிலும் எவ்வளவு தூரம் போனாலும் 50 சென்ட்தான். பிறகு அதை நிரந்தரமாக்கினார்கள். மெல்பர்ன் நகர மையத்தில் டிராம் இலவசம். சிட்னியில் ரயிலும் பேருந்தும் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். பிரிஸ்பேனில் நகருக்கு வெளியே அறை எடுத்தால் வாடகை குறையும், பயணச் செலவும் ஏறாது. சிட்னியில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அடுத்தது வேலை. 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர். பயணிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'கேஷுவல்' வேலை, அதாவது நிரந்தர மணிநேரமோ சம்பளத்தோடு விடுப்போ கிடையாது. அதற்கு ஈடாக 25 விழுக்காடு கூட்டித் தர வேண்டும், ஆகவே மணிக்கு 31 டாலருக்குச் சற்று மேல். வாரம் 20 மணி நேரம் கிடைத்தால் வரி போக 530 டாலர் அளவுக்குக் கையில் வரும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அது போதும். சேமிப்பு என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் ஹோட்டல், கடை வேலைக்குச் சம்பளம் கூடுதல். மது பரிமாறும் இடங்களில் வேலை செய்ய ஆர்.எஸ்.ஏ. என்ற சான்றும், கட்டட வேலைக்கு ஒயிட் கார்டும் வேண்டும். இரண்டுமே குறுகிய பயிற்சிதான். எடுத்து வைத்திருப்பவருக்கு வேலை கிடைக்கும் வேகம் கண்கூடாகத் தெரியும்.

வேலை தேடும் முறையும் நம் ஊரிலிருந்து மாறுபட்டது. ஒரு பக்கத்தில் சுயவிவரம், அதில் உள்ளூர்க் கைபேசி எண், விசா எந்த மாதம் வரை, எந்தெந்த நாட்கள் வர முடியும் என்பது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டமில்லாத பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒவ்வொரு கஃபேயாக ஏறி இறங்குவது இன்றும் பலன் தருகிறது. சார், மேடம் தேவையில்லை, உரிமையாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'ட்ரையல்' என்று சொல்லிச் சிறிது நேரம் வேலை செய்து காட்டச் சொல்வது உண்டு. திறமையைக் காட்டுவதற்குத் தேவையான நேரத்தைத் தாண்டிப் போனால் அதற்குச் சம்பளம் தர வேண்டும். மூன்று நாள் சும்மா வேலை வாங்கிவிட்டு ஆள் சரியில்லை என்று அனுப்புவது சட்டவிரோதம். மணிக்கு 15 டாலர், கையில் ரொக்கம், சம்பளச் சீட்டு கிடையாது என்று சொல்கிற முதலாளிகளில் நம் நாட்டவரும் இருக்கிறார்கள். நம்ம ஊர்ப்பிள்ளை என்ற உரிமையோடு பேசியே குறைவான சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். அந்த இனிப்பான பேச்சில் மயங்காமல் இருப்பது புதிதாக வந்தவருக்குக் கடினம்தான், ஆனால் அவசியம். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றவியல் குற்றம். ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அமைப்பில் இலவசமாகப் புகார் செய்யலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது இந்த விசாவின் நிபந்தனை, சில விதிவிலக்குகள் உண்டு. ஓராண்டு முடிந்ததும் இரண்டாவது ஆண்டுக்கு விசா வேண்டுமென்றால் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். 88 நாள் என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். மூன்றாவது ஆண்டுக்கு ஆறு மாதம். எல்லோரும் உடனே பழத்தோட்டத்தை நினைக்கிறார்கள். 462 விசாக்காரர்களுக்கு வட ஆஸ்திரேலியாவில், அதாவது மகர ரேகைக்கு மேலுள்ள குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிகளிலும் வடக்குப் பிரதேசத்திலும், ஹோட்டல், சுற்றுலா வேலையும் இந்தக் கணக்கில் சேரும். கெய்ன்ஸிலோ டார்வினிலோ சமையலறையில் வேலை செய்து 88 நாளை முடிக்கலாம். முதுகு ஒத்துழைக்காதவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பலருக்கு இது தெரிவதே இல்லை.

பண்ணை வேலை எப்படி இருக்கும் என்பதற்கு டல்லி என்ற ஊர் சரியான சான்று. கெய்ன்ஸுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று. 1950இல் ஒரே ஆண்டில் 7.9 மீட்டர் மழை கொட்டியது. அதன் நினைவாக அதே உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ் வடிவத்தில் ஒரு கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள். நாட்டின் வாழைப்பழத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்த வடக்கு குயின்ஸ்லாந்துப் பகுதியில் விளைவதுதான். அறுவடையில் இருவர் ஜோடியாகப் போவார்கள். ஒருவர் மரத்தண்டில் பாதி ஆழத்துக்கு வெட்டுவார். மரம் மெதுவாகச் சாய, உறை போட்ட தார் கீழே இறங்கும். மற்றவர் அதற்கு நேராகத் தோளைக் கொடுத்து நிற்பார். தார் தோளில் உட்கார்ந்ததும் வெட்டுபவர் காம்பை நறுக்குவார், முழு எடையும் அந்த நொடியில் தோளில் இறங்கும். 40 கிலோ எடையுள்ள தார் சாதாரணம், 60ஐத் தாண்டுவதும் உண்டு. அதைச் சேற்றில் நடந்து டிராக்டர் வண்டியில் படுக்க வைக்க வேண்டும். இப்படி நாள் முழுக்க. உறைக்குள் தவளை, சிலந்தி, சில நேரம் எலி இருக்கும். எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் இந்தத் தோட்டங்களில் அறியப்பட்ட நோய், அதனால் காயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. சுமக்க முடியாதவர்கள் பழம் கழுவி அடுக்கும் கொட்டகையில் நிற்பார்கள். அங்கே சுமை குறைவு, ஆனால் நிற்கும் நேரம் அதிகம்.

ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு காலம், ஒவ்வொரு ஊர். டாஸ்மேனியாவின் ஹூவான் பள்ளத்தாக்கில் கோடையில் செர்ரி, அதன் பின் ஆப்பிள். மில்டுராவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் திராட்சை. பண்டபர்க்கில் காய்கறியும் சர்க்கரைவள்ளியும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும். கோஃப்ஸ் ஹார்பருக்கு அருகே வுல்கூல்காவில் புளூபெர்ரி. அந்த ஊரில் பல தலைமுறையாகப் பஞ்சாபி விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன, 1968இல் கட்டிய குருத்வாரா உண்டு, யார் போனாலும் சாப்பாடு கிடைக்கும். அரசின் ஹார்வெஸ்ட் டிரெயில் தளத்தில் எந்த மாதம் எங்கே அறுவடை என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் பேருந்துக் காசு வீணாகாது.

வேலையும் கட்டிலும் சேர்த்துத் தரும் 'வொர்க்கிங் ஹாஸ்டல்'களில்தான் பண்ணை ஊர்களின் பழைய அநியாயம் நடக்கிறது. அறுவடை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே ஆட்களை வரவழைத்து வாடகை வாங்குவார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வாடகை மட்டும் உண்டு. வேறு இடத்துக்கு மாறினால் வேலையும் போகும். வாடகை, வேன் கட்டணம், கையுறைக்குக் காசு என்று பிடித்துக்கொண்டு வாரக் கடைசியில் கையில் 100 டாலர்கூடத் தராத இடங்களைப் பற்றி நாடாளுமன்றக் குழுக்கள் முன்பே சாட்சியங்கள் வந்திருக்கின்றன. பறிக்கிற அளவுக்குக் கூலி என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்ததும் நீண்ட காலம் நடந்தது. 2022 ஏப்ரல் 28 முதல் அதற்குத் தடை வந்தது: கிலோக் கணக்கில் கூலி கொடுத்தாலும் வேலை செய்த மணி நேரத்துக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது. பறிக்கும் கை மெதுவானது என்பதற்காக மணிக்கு 8 டாலர் என்பது இன்று சட்டத்தில் இல்லை. ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்களுக்குக் குயின்ஸ்லாந்திலும் விக்டோரியாவிலும் உரிமம் கட்டாயம். அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பெயர் அதில் இல்லாதவரோடு வேனில் ஏறக் கூடாது. இரண்டாம் ஆண்டு விசாவுக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்குமே சான்று. ரொக்கமாக வாங்கியவரின் 88 நாள் உழைப்பை நிரூபிக்க எந்தத் தாளும் இருக்காது. சம்பளமில்லாமல், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் செய்யும் தொண்டு வேலையையும் 2015 முதல் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடல்நலத்துக்கு முன்கூட்டியே காசு ஒதுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர், பிரிட்டன் முதலிய சில நாட்டினருக்குப் பரிமாற்ற ஒப்பந்தப்படி உதவும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாலே பெரிய தொகைக்கு பில் வரும். ஓராண்டுக்கான பயணக் காப்பீட்டில் வேலை செய்யும்போது நேரும் விபத்து சேருமா, பண்ணை வேலை சேருமா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். மலிவான பல திட்டங்களில் சேராது. முதலாளி சட்டப்படி வேலைக்கு வைத்திருந்தால் வேலையில் நேர்ந்த காயத்துக்கு அவருடைய காப்பீடு பொறுப்பேற்கும். சீட்டோடு கூடிய வேலையை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனிமையைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாமே புதிது, அதனால் தெரியாது. வேலை கிடைத்து, வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் அது வரும். சிட்னியின் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் முந்தி ஓடும், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஐந்தரை. இரவு வேலை முடிந்து வரும் நேரம் ஊரில் மாலை. வீட்டில் பேச வசதியான பொழுது அதுதான். வீட்டோடு உண்மையைப் பேசுவது உதவும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, சம்பளம் வராத மாதத்திலும் உதவி கேட்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கடற்கரைகள் இலவசம், பூங்காக்களில் பொது அடுப்பு இலவசம், நூலகங்களில் இணையமும் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பும் இலவசம். கடலில் இறங்குபவர் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்க வேண்டும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் கொடிக்கு வெளியே போய் இறந்தவர்களில் இந்தியர்களும் பலர்.

நாலைந்து பேர் சேர்ந்தால் பழைய கார் வாங்கும் ஆசை வரும். ஊர் திரும்பும் பயணிகள் அவசரத்தில் மலிவாக விற்பார்கள். வாங்கும் முன் அரசின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பார்த்தால் அந்த வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா என்று தெரிந்துவிடும். கடன் இருக்கும் வண்டியைக் கடன் கொடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போக முடியும். பதிவு எந்த மாநிலத்தில் என்பதும் முக்கியம். வேறு மாநிலத்தில் பெயர் மாற்ற மறுபரிசோதனைச் செலவு வரும். பிரிஸ்பேனிலிருந்து கெய்ன்ஸ் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும், ஆகவே ஊர்ப்புறத்தில் இருட்டிய பிறகு ஓட்டாமல் இருப்பதே உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

ஆஸ்திரேலியாவின் வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் 31க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போகிறவர் முன்கூட்டியே செய்யலாம். இதோடு சூப்பர் என்று அழைக்கப்படும் ஓய்வுக்கால நிதியும் இருக்கிறது. 2025 ஜூலை முதல் சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காட்டை முதலாளி இந்த நிதியில் போட வேண்டும். நாட்டை விட்டு வெளியேறி விசாவும் முடிந்த பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம். பேக்பேக்கர் விசாக்காரர்களுக்கு அதில் 65 விழுக்காடு வரி போய்விடும், 1,000 டாலரில் 350தான் மிஞ்சும். மிகக் கடுமையான வரி இது. மிஞ்சுவது சொற்பம் என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் கேட்கப்படாத தொகையை நிதி நிறுவனம் வரித்துறையிடம் ஒப்படைத்துவிடும். அதற்குப் பிறகும் வரித்துறையிடம் இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். ஆகவே கிளம்பும் முன் ஒவ்வொரு முதலாளியும் எந்த நிதியில் பணம் போட்டார் என்ற விவரத்தையும், எல்லாச் சம்பளச் சீட்டுகளையும், டி.எஃப்.என். எண்ணையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். ஆஸ்திரேலியக் கைபேசி எண் செத்துப்போகும் முன் எல்லாக் கணக்குகளையும் இந்திய எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ மாற்றிவிடுங்கள்.